தேயிலை டின்னில் போன பிழை நாணயங்கள்

நாணயத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் என்னிடம் முதலில் கேட்பது, எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், பத்து மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும். லென்ஸைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவுதான் இருக்கிறது. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது வேறு. கையில் காசை வைத்துக்கொண்டு ஒரு பதில் சொல்ல வேண்டிய நேரத்தில், எதிரே நிற்பவருக்காகப் பதிலை மாற்றத் தோன்றும். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

குன்னூர் மார்க்கெட்டில் என் கணவருடைய குடைக்கடை. கடை வாசலில் ஒரு கண்ணாடி மேஜை போட்டு இருபது வருடங்களுக்கு மேல் அங்கே உட்கார்ந்து காசு வாங்கினேன், விற்றேன். அச்சடிக்கும்போதே தவறிப்போன பிழை நாணயம் என்று யாராவது எதையாவது கொண்டுவந்தால் பார்த்துச் சொன்னேன். போன மாதம் அந்த மேஜையைக் காலி செய்து குழந்தைகளின் மழைக்கோட்டுகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். அதற்குள் ஏன் என்று நம் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் கேட்டார்கள். கண் நன்றாகத்தான் இருக்கிறது. மனசுக்குத்தான் கொஞ்சம் ஓய்வு வேண்டியிருந்தது.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஒரு நாள் வெள்ளை ஸ்வெட்டர் போட்ட ஒருவர் மேஜை மேல் ஒரு ரூபாய்க் காசு ஒன்றை வைத்தார். காசு வெற்றிலை மாதிரி நீண்டு தட்டையாகியிருந்தது.

“ஏனுங்கக்கா, இதப் பாருங்க. மின்ட்லயே இப்படி நீட்டமா வந்துருச்சு. என்ன போவும்?”

“எந்த மின்ட்டுங்க, வெலிங்டன் ரயில்வே ஸ்டேஷனா?”

அவர் சிரித்துவிட்டார். “நான் வேண்டாம்னு சொல்லச் சொல்லப் பையன் தண்டவாளத்துல வெச்சானுங்க. சரி, கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்.”

“ரயில் நல்லா ஓடுதுங்களா?”

“ரயிலுக்கு ஒண்ணும் ஆகலீங்க.”

இது சுலபமான காசு. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எல்லாக் காசுக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதேதான்: இது எந்த இடத்தில் நேர்ந்தது? மின்ட் என்கிற நாணயச்சாலையில் முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டுகிறார்கள். பிறகு விளிம்பை எழுப்புகிறார்கள். அப்புறம் மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே அடி. பிழை என்றால் இந்த மூன்றில் ஏதாவது ஓர் இடத்தில்தான் நேர்ந்திருக்க முடியும். இடத்தைச் சொல்ல முடிந்தால் அது பிழை நாணயம். சொல்ல முடியாவிட்டால், அது எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், வெளியே வந்த பிறகு யாரோ, ஏதோ செய்தது. நான் அந்த மேஜையில் ஆயிரம் தடவையாவது சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: “இது மின்ட்ல ஆனது இல்லைங்க.” இதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. ஒருவர் என் கணவரிடம் குடை வாங்கிக்கொண்டு போனார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மலையில் நம் தொழிலுக்கு முதல் எதிரி ஈரம். கீழே கோயமுத்தூரில் காசை அட்டையில் வைத்து ஸ்டேப்ளர் அடித்து ஆல்பத்தில் செருகிவிடுகிறார்கள். இங்கே ஒரு மழைக்காலம் போனால் அந்தப் பின் துருப்பிடித்து, துரு காசிலும் இறங்கிவிடும். அதனால் குன்னூர்ப் பக்கம் நாங்கள் சிலர் வேறு மாதிரி வைப்போம். தேயிலை ஃபேக்டரிகளில் சாம்பிள் அனுப்புகிற சின்னத் தகர டின் கிடைக்கும், மூடி இறுக்கமாக இருக்கும். காசுகளைத் தனித்தனியாக மெல்லிய தாளில் சுற்றி டின்னின் அடியில் அடுக்கி, மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு, அதற்கு மேல் நன்றாகக் காய்ந்த தேயிலைத் தூளைக் கொட்டி மூடிவிடுவோம். ஈரத்தைத் தூள் குடித்துக்கொள்ளும். காசு பளிச்சென்று இருக்கும். இதை எனக்கு முன்னால் இருந்தவர்களும் செய்தார்கள். மற்றவர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று எங்களில் யாரும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் மகன் ரியாஸ் அப்போது வீட்டில்தான் இருந்தான். அரசுத் தேர்வு எழுதி, இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். மூன்றாவது முயற்சி. ஆணை கைக்கு வருவதற்கு முன் போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரையில் இஞ்சியும் குறுமிளகும் போடுகிற ஒருவர் என்னிடம் பல வருடமாகப் பிழை நாணயங்கள் வாங்குகிறவர். அவருக்காக ஏழு காசுகளை டின்னில் போட்டுக் கொடுத்தேன். பைக்கில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ரியாஸ் கிளம்பினான்.

மதியத்துக்குள் போன் வந்தது. அவன் எண்ணிலிருந்துதான் வந்தது, குரல் அவனுடையது இல்லை.

“ரியாஸோட அம்மாங்களா? ஸ்டேஷன்ல இருந்து பேசறோம். உங்க பையன் டீத்தூளுக்குள்ள காசு ஒளிச்சு எடுத்துட்டுப் போயிருக்கான். அத்தனையும் கள்ளக் காசு. கெளம்பி வாங்க.”

கூடலூருக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி. மலையில் தடை செய்த பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறந்திருக்கிறார்கள். டின்னைப் பார்த்து, திறந்து, தூளைக் கிளறியிருக்கிறார்கள். துணி. துணிக்குக் கீழே தாளில் சுற்றிய பொட்டலங்கள். பிரித்தால் ஒன்றில் பாதி நிலா மாதிரி வெட்டுப்பட்ட காசு, ஒன்றில் எழுத்தே இல்லாத வட்டம், ஒன்றில் எண் உள்பக்கமாகக் குழிந்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி இருக்கிறது. அந்தக் காவலராக நான் இருந்திருந்தால் நானும் பிடித்திருப்பேன்.

என் கணவர் ஷட்டரை இழுக்கப் போனார். “நானும் வர்றேன்.”

“நீங்க வந்தா சத்தம் போடுவீங்க. நான் மட்டும் போறேன்.”

“நான் எங்க சத்தம் போடுவேன்?” என்று சத்தம் போட்டார். நான் மட்டும் பஸ் ஏறினேன்.

அந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஊட்டியில் வண்டி மாறினேன். பைக்காரா தாண்டும்போது பனிமூட்டமாய் மஞ்சு இறங்கி ரோடே தெரியவில்லை. பின் சீட்டில் சுற்றுலா வந்த பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது. வழக்கு என்று ஒன்று பதிவாகிவிட்டால் போதும். பிறகு விடுதலையானாலும் சரி, தப்பே செய்யவில்லை என்று நிரூபித்தாலும் சரி, சரிபார்ப்புக்கு வருகிறவர் ‘வழக்கு உண்டு’ என்று எழுதுவார். மூன்று வருடம் படித்தது அந்த ஒரு வரியில் முடிந்துவிடும். அவன் ராத்திரி நின்றுகொண்டு படிப்பான், உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று. அது வேறு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஆனால் ஒரு தைரியமும் இருந்தது. ஏழு காசும் நான் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் இடம் சொல்லத் தெரியும். கைப்பையில் லென்ஸும் சின்னத் தராசும் எடுத்துக்கொண்டிருந்தேன். எழுத்தில்லாத வட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாமா, வெட்டிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

ஸ்டேஷனில் ரியாஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை அடித்திருக்கவில்லை. கையில் டீ கிளாஸ்கூட இருந்தது, குடிக்காமல் ஆடை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான். எஸ்.ஐ. ஒரு பெண், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். மேஜையில் செய்தித்தாள் விரித்து ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் காசு.

“வாங்கம்மா, உட்காருங்க,” என்றார். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

பக்கத்தில் நின்ற காவலர்தான் போனில் பேசியவர். “எங்க வீட்டு டீத்தூள்ல கல்லுதாம்மா வருது. உங்க தூள்ல காசா வருதே, எந்தக் கடைம்மா?” என்றார்.

டின் பழக்கத்தைச் சொன்னேன். எஸ்.ஐ. கேட்டுக்கொண்டார். பிறகு, “ஸ்ரீமதுரைக்காரருக்குக் குடுக்கத்தான் போறேன்னு தம்பி சொன்னாப்ல. நாங்களும் போன் பண்ணோம். அவருக்கு உங்க பையனைத் தெரியாதாம், உங்களையும் தெரியாதாம். காசுன்னாலே பழக்கமில்லையாம். இஞ்சி மட்டும்தான் தெரியுமாம்.”

எத்தனை தடவை என் மேஜையில் டீ குடித்திருக்கிறார். அதையெல்லாம் சொல்லி இப்போது என்ன பயன்?

“மேடம், ஆளை விடுங்க. காசே பேசும், காட்டட்டுங்களா?” என்றேன்.

“காட்டுங்க.”

வெட்டுப்பட்ட காசை எடுத்தேன். “கள்ளக் காசு அடிக்கறவன் கடையில மாத்தத்தான் அடிப்பான். அவனுக்கு நல்ல காசு மாதிரி இருந்தாகணும். இப்படிக் கடிச்ச பிஸ்கட் மாதிரி அடிச்சா எந்தக் கடைக்காரன் வாங்குவான்?”

“கடையில வேண்டாம்மா. உங்கள மாதிரி ஆளுங்க வாங்குவீங்களே,” என்றார் எஸ்.ஐ. நல்ல கேள்வி. அவர் முட்டாள் இல்லை என்று அப்போதே தெரிந்தது.

“வாங்குவோம். அதனாலதான் பாக்கக் கத்துக்கிட்டோம். இந்த வெட்டுக்கு நேர் எதிர்ல விளிம்பைப் பாருங்க.” லென்ஸைக் கொடுத்தேன். “அங்க மங்கலா இருக்குங்களா? வட்டம் வெட்டும்போதே இந்தப் பக்கம் குறைஞ்சு போச்சு. அதனால விளிம்பு எழுப்பற மெஷின்ல எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்கல. அப்புறமா யாராவது அரம் போட்டு வெட்டியிருந்தா எதிர்ப்பக்கம் முழுசா இருந்திருக்கும்.”

அவர் நெடுநேரம் பார்த்தார். “அடுத்தது,” என்றார்.

எண் குழிந்து திரும்பியிருந்த காசை எடுத்தேன். அதற்கு முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்து வந்த வட்டத்தில் அந்தக் காசின் முகமே குழியாகப் பதிந்துவிட்டது என்று சொன்னேன். “இதைப் போலியா செய்யணும்னா ரெண்டு காசை வைஸ்ல வெச்சு நசுக்குவாங்க. அப்ப மறுபக்கம் நசுங்கிப்போகும். இதுல மறுபக்கத்தைப் பாருங்க, எவ்வளவு கூர்மையா இருக்கு.” காவலரிடம் ஒரு சாதாரணக் காசு கேட்டு வாங்கி, இரண்டையும் தராசில் வைத்து ஒரே எடை என்று காட்டினேன். எழுத்தில்லாத வட்டம், ஓரமாக அடிபட்ட இரண்டு ரூபாய், ஒவ்வொன்றாகப் போனேன். ஏழாவது முடிந்தபோது காவலர் செய்தித்தாள் மேல் குனிந்து, “இது எங்கூட்டுக்காரிக்குத் தெரிஞ்சா இருக்கற சில்லறையெல்லாம் சல்லடை போட்டு சலிச்சுருவா,” என்றார். எஸ்.ஐ. முகம்கூடக் கொஞ்சம் இளகியிருந்தது.

அப்போதுதான் எஸ்.ஐ. தாளின் ஓரத்திலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசை என் பக்கம் தள்ளினார்.

“இதை விட்டுட்டீங்களேம்மா.”

நான் டின்னில் வைத்தது ஏழு. இது எட்டாவது. இதை நான் பார்த்ததே இல்லை.

பத்து ரூபாய்க் காசு உங்களுக்குத் தெரியும். மஞ்சள் வளையம், நடுவில் வெள்ளை வட்டம். வளையத்தில் நாட்டின் பெயர், நடுவட்டத்தில் சிங்கங்கள். நம் ஊரில் நல்ல பத்து ரூபாய்க் காசையே கடைக்காரர்கள் வாங்க மறுத்த காலம் உண்டு, அந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை. இந்தக் காசிலோ, எழுத்தெல்லாம் நேராக இருக்க, நடுவில் சிங்கங்கள் தலைகீழாக நின்றன.

நிமிர்ந்து ரியாஸைப் பார்த்தேன். பயந்துபோன அந்த முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. அவனுக்கு அதுதான் டின்னிலேயே பெரிய காசு. அம்மாவுக்குத் தெரியாமல் தானே தேடிப் பிடித்தது. பார், பார் என்று கண்ணாலேயே சொன்னான்.

மேலோட்டமாகப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உடனே வாய் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மஞ்சு வந்து ஒட்டியிருந்தது, அந்த வெளிச்சத்தில் மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. காவலரின் போனை வாங்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, லென்ஸ் வழியாகப் பார்த்தேன். வளையமும் வட்டமும் சேரும் இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி. ஓர் இடத்தில் ஊசியால் நெம்பியது போலச் சின்ன வடு. தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஏழு காசுக்கு நான் சொன்ன பதிலை அவர் நம்பிவிட்டார். எட்டாவதுக்கும் நம்புவார். “இதுவும் மின்ட் பிழைதான் மேடம்” என்றால் முடிந்தது. டின்னை எடுத்துக்கொண்டு போகலாம். மாற்றிச் சொன்னால், காசைச் சிதைத்து வேலை பார்த்த பொருள் என் மகன் பையில் இருந்தது என்று ஒரு போலீஸ் அதிகாரியிடம் நானே சொன்னதாக ஆகும். வழக்குக்கு வழி தேடிக்கொண்டிருப்பவருக்கு நானே கதவைத் திறந்துவிடுகிறேன். எந்த அம்மா அதைச் செய்வாள்?

நான் நியாயமானவள், அதனால் உண்மையைச் சொன்னேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். நடந்தது அதுவல்ல. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மின்ட் பிழை என்று சொன்னால், அடுத்து எந்த இடத்தில் நேர்ந்தது என்று அவர் கேட்பார். ஏழு காசுக்கும் அதை நானே சொல்லிப் பழக்கிவிட்டேன். இந்தக் காசுக்கு இடம் இல்லை. வளையமும் வட்டமும் அச்சுக்கு வரும்போது வெறும் உலோகம், எழுத்தும் இல்லை, சிங்கமும் இல்லை. ஒரே அடியில்தான் இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன, அதே அடியில்தான் எழுத்தும் சிங்கமும் பதிகின்றன. அப்படியிருக்க எழுத்து ஒரு பக்கமும் சிங்கம் வேறு பக்கமும் பார்க்க வழியே இல்லை. இடம் தேடினேன், கிடைக்கவில்லை. இடம் கிடைக்காதபோது இருபது வருடமாக என் வாய் எதைச் சொல்லிப் பழகியதோ அதையே சொல்லிவிட்டது.

“இது மின்ட்ல ஆனது இல்லைங்க.”

“அம்மா!” என்றான் ரியாஸ்.

காவலர் சிரிப்பை நிறுத்திவிட்டார். எஸ்.ஐ. நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். “அப்படின்னா?”

ஒரே அடி விஷயத்தைச் சொன்னேன். “நடுவட்டத்தை வெளிய தள்ளி, திருப்பி வெச்சு அமுக்கியிருக்காங்க. நெம்புன தடம் இங்க இருக்கு பாருங்க.”

“யாரு? உங்க பையனா?”

“யாரு பண்ணாங்கன்னு காசுல தெரியாதுங்க மேடம். கையால பண்ணதுன்னு மட்டும்தான் தெரியும். அதுக்கு மேல நான் என்ன சொன்னாலும் அது அம்மா சொல்றது. காசு சொல்றது இல்லை.”

அவர் ரியாஸ் பக்கம் திரும்பினார். “எங்கப்பா வாங்கின?”

அவன் முகம் வெளுத்துவிட்டது. மசினகுடியில் நண்பர்களோடு போனபோது, ஜீப் நிற்கும் இடத்தில் ஒருவன் சுற்றுலாக்காரர்களிடம் விற்றுக்கொண்டிருந்தானாம். மின்ட்டில் வேலை பார்த்த சொந்தக்காரர் கொடுத்தது என்றானாம். தேர்வாகியதற்கு மாமா கொடுத்த பணத்தில் இவன் வாங்கியிருக்கிறான். ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டார். ஒரு காதில் கடுக்கன், இரண்டு பல் இல்லை என்றான்.

எஸ்.ஐ. மேஜை டிராயரை இழுத்து ஒரு காகித உறையை எடுத்துச் செய்தித்தாளில் கொட்டினார். இரண்டு பத்து ரூபாய்க் காசுகள். இரண்டிலும் சிங்கங்கள் தலைகீழ்.

“பெங்களூர்ல இருந்து வந்த ஒருத்தரு குடுத்த புகார். ஏமாந்துட்டேன்னு வந்தாரு. அவரு சொன்ன ஆளுக்கும் காதுல கடுக்கன், ரெண்டு பல்லு இல்ல,” என்றார். “இப்படி மாத்தி வெச்சதுன்னு விசாரிச்சு ஏற்கனவே தெரிஞ்சுக்கிட்டோம். அந்த ஆளுக்குப் பின்னால விவரமா பேசற யாரோ இருக்காங்கன்னு நினைச்சோம். ஏழு காசுக்கு நீங்க பேசினதைக் கேட்டப்ப, அது நீங்கதானோன்னு எனக்கு ஒரு நிமிஷம் தோணிச்சு.”

நான் லென்ஸை எடுத்துக் கைப்பையில் போட்டேன்.

“எட்டாவதுக்கும் அதே மாதிரி ஒரு கதை சொல்லியிருந்தீங்கன்னா…” என்றார். உறையை மடித்தார். “தண்ணி குடிங்கம்மா.”

அன்று ரியாஸிடம் ஏமாற்றப்பட்டவன் என்ற முறையில் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். எட்டாவது காசை வைத்துக்கொண்டார்கள். ஏழையும் திருப்பித் தந்தார்கள். காவலரே தூளைக் கூட்டி டின்னில் போட்டு மூடி, “அடுத்த தடவ மேல ஒரு சீட்டு ஒட்டுங்கம்மா, உள்ள காசு இருக்குன்னு,” என்றார். ஒட்டுங்கள், நீங்களும் ஒட்டுங்கள். டின்னோடு சங்கத்தின் அடையாள அட்டையையும் கொடுத்து அனுப்புங்கள்.

வெளியே வந்தோம். எதிரே ஒரு ஓட்டலில் அவனுக்குப் பரோட்டா சொன்னேன். பிய்த்துப் பிய்த்துப் போட்டானே தவிர சாப்பிடவில்லை.

“அது தப்பான காசுன்னு உனக்குப் பாத்த உடனே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் அவங்க முன்னாடி சொல்லிட்டே.”

“ம்.”

“என்னை உள்ள போட்டிருந்தா?”

பரோட்டாத் தட்டை அவன் பக்கம் தள்ளினேன். “ஏன்டா எங்கிட்டக் காட்டாம வெச்ச?” என்று கேட்டேன்.

“வேலைக்குப் போறதுக்கு முன்னால ஒரு காசாவது நானே கண்டுபுடிச்சுக் கொண்டாந்து, நீ பாத்துட்டு நல்ல காசுடான்னு சொல்லணும்னு நெனச்சேன். ஸ்ரீமதுரைக்காரர் முதல்ல பாத்துட்டு உனக்குப் போன் பண்ணிச் சொன்னா இன்னும் நல்லாருக்கும்னு…” முடிப்பதற்குள் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. “அந்தாளுக்கு என்னத் தெரியவே தெரியாதாம்மா.”

நானும் சிரித்தேன். அந்த ஓட்டல்காரர் எங்களை என்ன நினைத்தாரோ.

ஸ்ரீமதுரைக்காரர் பிறகு ஒரு நாள் நேந்திரங்காய்க் குலையோடு குன்னூருக்கே வந்தார். “எந்தா செய்யாங்க, போலீஸ்னு கேட்டப்பவே எனக்கு நாக்கு ஒட்டிப்போச்சு. எம் பேரே மறந்துபோச்சு,” என்றார் மலையாளம் கலந்த தமிழில். என் கணவர் குலையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, “யாருங்க நீங்க? உங்களத் தெரியாதே,” என்றார். ஏழு காசையும் அவருக்கே கொடுத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயத்தில் அவர் சொன்னது பொய். பயத்தில் நானும் பொய் சொல்லத்தான் போனேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். டின் முழுவதற்கும் ஒரே பதில் சொல்லாதீர்கள். முதல் ஏழும் நல்ல காசாக இருந்தால் எட்டாவது சந்தேகக் காசுக்கும் நம் வாயில் ‘நல்லது’ என்றுதான் வரும். கொண்டுவந்தவர் வேண்டியவராக இருந்தால் இன்னும் சுலபமாக வரும். ஒவ்வொரு காசையும் அதற்கு முன்னால் ஒன்றுமே பார்க்காதது போல எடுங்கள். இடம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். இந்தப் பழக்கம் சாதாரண நாட்களிலேயே நாக்கில் ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் கஷ்டமான நாளில் யோசிக்க நேரம் இருக்காது. எனக்கு இருக்கவில்லை.

சரிபார்ப்புக்கு ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். வயதானவர், மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பெயர், படிப்பு, எத்தனை வருடமாக இந்த வீட்டில் இருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சமையலறை வாசலில் நின்று பதில் சொன்னேன். ரியாஸ் அவருக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“பையன் மேல கேஸ் கீஸ் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

“இல்லைங்க,” என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.